பதினோரு பசுவும் பதினோரு கன்றும்

அன்றைக்கு அந்தக் கடைக்குள் இருந்தது பதினாலு பேர். எண்ணிக்கையில் பிழை விடக்கூடாது என்று மூன்று தரம் மனதுக்குள்ளேயே காம்பரா காம்பராவாகப் போய் எண்ணிப் பார்த்துவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஒன்றாம் காம்பராவில் இருந்து புருசனும் பெண்சாதியும். இரண்டில் இருந்து கொழுந்துக்குப் போகிற தாய் மட்டும். மூன்றில் இருந்து தங்கராசு அண்ணன். நாலு என்னுடைய காம்பரா, ஆகவே நான். ஐந்தில் இருந்து மாசமாக இருந்த மருமகளும் அவளுடைய மாமியாரும். ஆறில் இருந்து காது கேட்காத மாமா. ஏழில் இருந்து செல்லம்மா அக்கா. எட்டும் ஒன்பதும் அண்ணன் தம்பி குடும்பம், இரண்டு ஆம்பிளைகளும் வந்திருந்தார்கள். பத்தில் இருந்து ஒருவர், பதினொன்றில் இருந்து ஒருவர். பன்னிரண்டாவது காம்பரா ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. இது பதின்மூன்று. பதினாலாவது ஆள் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

அவருடைய பேரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்டுவார்கள், பிறகு அதற்கு வேறு நான் பயந்துகொண்டிருக்க வேண்டும். மரியாதை போட்டு எழுதுவதா வேண்டாமா என்றும் இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு அது தகாது. ஆனாலும் நாலு வருசம் சேர், சேர் என்று கூப்பிட்ட வாய். இனி மாற்ற வராது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மலையில் கொழுந்து எடுத்தேன். முதுகு ஒத்துழைக்கவில்லை, தோட்டத்துப் பதிவில் இருந்து பேரை வெட்டிக்கொண்டு பஜாருக்கு இறங்கினேன். பொகவந்தலாவைப் பக்கம் பஸ் திரும்புகிற ஒரு வளைவில் இருந்தது அந்தக் கடை. ஃபோட்டோ கொப்பி எடுப்பார்கள், கடிதம் அடிப்பார்கள், ஃபோம் நிரப்புவார்கள், ஃபோனுக்கு ரீலோட் போடுவார்கள். எனக்குக் கூட்டுகிற வேலை, தேத்தண்ணி ஊற்றுகிற வேலை, கொப்பி மெசினுக்குப் பேப்பர் போடுகிற வேலை.

முதல் நாள் அவருடைய கையைப் பார்த்து அசந்துதான் போனேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்றக் கடைகளில் மவுசைப் பிடித்துக்கொண்டு மேசையில் தேய்ப்பார்கள், அந்த அம்புக்குறியைத் தேடுவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள். இவர் மவுசைத் தொடவே மாட்டார். அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மேசை லாச்சிக்குள் போட்டிருந்தார். எல்லாம் பட்டனில்தான். இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் முழுக் கடிதமும் நீலமாகும், இன்னும் இரண்டை அமுக்கினால் வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், இன்னும் இரண்டில் பிரிண்ட் வரும்.

"மவுசுக்குக் கை போய் வர மூணு செக்கன்," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். "ஒரு நாளைக்கு நூறு தரம் போனா அஞ்சு நிமிசம். என்னோட அஞ்சு நிமிசத்த ஏன் நான் ரப்பர் எலிக்குக் குடுக்கணும்?"

ஒரு நாள் ஒரு பெரியவர் ஓடி வந்தார். ஹட்டன் பஸ் வெளியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. சேவைக்காலப் பணத்துக்கு ஒரு கடிதம் அவருக்கு வேண்டும், அன்றைக்கே கொடுக்க வேண்டும். இவர் அடித்தார், பிரிண்ட் எடுத்தார், நீட்டினார். கண்டக்டர் இரண்டாவது தரம் விசில் ஊதுவதற்குள் பெரியவர் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார். அதை நான் லயத்தில் போய் சொன்னேன். ஒரு தரம் இல்லை, பல தரம் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் பிழை.

அந்தக் கையைக் கிட்டே இருந்து பார்க்கிறவளுக்குத்தான் மற்றது தெரியும். இடது கைச் சுண்டு விரலில் ஒரு நகம் வளர்த்திருந்தார். அரை விரல் நீளம், மஞ்சள் நிறம், நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். கொன்ட்ரோல் பட்டனை அந்த நகத்தால்தான் அமுக்குவார். டொக் என்று ஒரு சத்தம் வரும். வேலை இல்லாத நேரம் அதே நகத்தைக் காதுக்குள் விட்டுக் குடைவார், வெளியில் எடுத்துப் பார்ப்பார், சாறத்தில் துடைப்பார், திரும்பவும் பட்டனில் வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் கீபோட்டைக் கவிழ்த்துத் தட்டித் துடைப்பது என் வேலை. அதற்குள் இருந்து விழுந்ததை எல்லாம் எழுதினால் வாசிக்கிறவர்கள் சோறு சாப்பிட மாட்டார்கள். கறிவேப்பிலை, கோழி எலும்புத் துணுக்கு, வெட்டின நகம், இன்னும் மஞ்சளாக ஏதோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பேன். துடைத்து முடித்ததும் அவர் வந்து, டெட்டோல் நனைத்த துணியால் தான் ஒரு தரம் துடைப்பார். என் கை பட்டதாம். கொழுந்துக் கறை நகக்கண்ணில் இருந்து போகாது, அந்தக் கறையைப் பார்த்து அவர் முகத்தைச் சுளிப்பார். எனக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கோப்பை, பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும்.

மனிசர்களுக்கும் பட்டன் வைத்திருந்தார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் உட்காரு. இரண்டு தட்டு, ஐடி கார்டைக் கொடு. மூன்று தட்டு, காசு. வாயைத் திறக்க மாட்டார். மலையில் இருந்து இறங்கி வருகிற சனம் இரண்டாம் தடவை வரும்போதே அதைப் படித்துக்கொண்டு வந்துவிடும். வயதான மனுசிகள் மூன்று தட்டுக் கேட்டதும் இடுப்பில் முடிந்த சீலைத் தலைப்பை அவிழ்ப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்யும். எனக்கு இரண்டு விரலைக் காட்டுவார், அது தேத்தண்ணி. விரலை மடக்கினால் சீனி கூட. நாலு வருசத்தில் ஒரு நாள்கூட என் பேரைச் சொன்னதில்லை. பேர் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

யாரும் சொல்வதை முழுவதும் கேட்கவும் மாட்டார். "சேர், எங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தால் போதும். "குடிக்கிறானா, போய்ட்டானா, செத்துட்டானா?" என்பார். மூன்றுக்கும் மூன்று கடிதம் தயாராக வைத்திருந்தார். நாலாவதாக ஒரு மனுசனுக்கு என்ன நடக்க முடியும் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். இப்போது யோசித்தால் பதில் சொல்லியிருக்கலாம் போலத்தான் இருக்கிறது.

அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சீட்டு விளையாடினார். கொம்பியூட்டரில், தனியாக. யாராவது படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டால் நகம் ஒரு பட்டனில், பெருவிரல் இன்னொன்றில், சீட்டுப் போய்க் கடிதம் வந்துவிடும். ஒல்ட் டெப் என்று அதற்குப் பேர். வந்தவர்கள், சேர் யாருடையதோ முக்கியமான கடிதத்தில் இருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே தூறலில் நனைந்துகொண்டு நிற்பார்கள். அவர் போட்டிருந்த கண்ணாடியில் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பச்சை தெரிந்தால் சீட்டு. வெள்ளை தெரிந்தால் கடிதம்.

ஒரு நாள், பென்சன் விசயமாக வந்த ஒரு தாத்தா, தன் கடிதத்தில் திகதி பிழை என்று சொன்னார். அடித்துத் தந்த கடிதம் திருப்பி வந்துவிட்டதாம், திருத்தித் தரச் சொல்லிக் கேட்டார். திருத்தினால் திரும்பக் காசு என்றார் இவர். தாத்தா விடவில்லை. பிழை விட்டது நீங்க, நான் ஏன் காசு தரணும் என்று நியாயமாகத்தான் கேட்டார். நகம் டொக் என்றது. திரை கறுப்பானது.

"கரண்ட் போச்சு," என்றார் இவர்.

தாத்தா தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. இவரைப் பார்த்தார். திரும்பவும் பல்பைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் வளைவு திரும்புகிற வரைக்கும் எனக்கு உடம்பு கூசியது. திரும்பிப் பார்த்தேன், கண்ணாடியில் பச்சை.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மழை ஒரு மணித்தியாலத்துக்கு மேலே பெய்தால் பின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கடையில் கரண்ட் அடிக்கடி போகும், அவர் அடித்ததைச் சேமித்து வைக்காமல் எழும்பிப் போய்விடுவார். ஆக நான் பார்த்துப் படித்துக்கொண்ட ஒரே ஒரு ஷோட்கட், கொன்ட்ரோல் எஸ். அவர் பாத்ரூம் போனால் ஓடிப்போய் அமுக்கிவிட்டு வருவேன். ஒரு நாள் கண்டுவிட்டார்.

"என் மெசின்ல கைய வைக்காத."

"கரண்ட் போனா அழிஞ்சிரும்னு சேர்."

"அழிஞ்சா திரும்ப அடிக்கட்டும்னு காசு வாங்குவேன். ஒனக்கென்ன?"

அதற்குப் பிறகும் அமுக்கினேன். பயம் விடவில்லை.

அந்தப் பயத்தால்தான் லயத்தில் எல்லாருடைய பத்திரங்களும் தப்பின. பிறப்புச் சான்று, ஐடி கார்ட் கொப்பி, கிளினிக் கார்ட், எல்லாவற்றிலும் ஒவ்வொரு கொப்பி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு, பொலித்தீன் சுற்றி, என் வாசல் நிலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். "ஒன் வீட்டு வாசல்ல என்னடி, தேன்கூடா?" என்று தங்கராசு அண்ணன் போகும்போதும் வரும்போதும் கேட்பார். மழையில் மலை சரிந்து இறங்கின அன்றைக்கு நாங்கள் எல்லாரும் ஆலயத்தில் இருந்தோம். உயிர் ஒன்றும் போகவில்லை. லயத்தின் பின் சுவர் முழுக்க வெடித்து, சேறு இடுப்பளவுக்கு உள்ளே வந்திருந்தது. செல்லம்மா அக்காவின் மாட்டுக் கொட்டில் இருந்த இடமே இல்லை. பசுவும் கன்றும் அதற்குள். டின் மட்டும் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்களைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்தாம் நாள் அரசாங்கக் கந்தோரில் இருந்து செய்தி வந்தது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், என்ன என்ன போனது என்று எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேட்டில், உறுதியான மண்ணில், வீடு கட்ட ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீட்டுக்கு அளவான துண்டு, தருவார்கள். அடுத்த மழைக்குள் அந்த லயத்தை விட்டு வெளியேறுவோமா மாட்டோமா என்பது அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொப்பிகளைக் காப்பாற்றினவள், கொம்பியூட்டர் கடையில் இருக்கிறவள். வாங்க, எங்க சேர்கிட்ட போவோம் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காசையும் நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு கடிதத்துக்கு முந்நூற்றைம்பது. என்னிடமும் வாங்கினார்.

கடைக்குள் நிற்க இடமில்லை. எல்லாரிலும் சேற்று வாடை. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு மின்விசிறியைப் போடச் சொல்லி எனக்கு விரல் காட்டினார்.

"யாருக்கு ஆகக் கூடுதலா நட்டம்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் சேர்," என்றார் தங்கராசு அண்ணன். "பெண்சாதி தப்பிச்சிட்டா."

ஐந்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எல்லாரும் சிரித்தோம். மூன்றாம் காம்பராவின் சிரிப்புத்தான் எங்களுக்கு எப்போதும் முதல் சிரிப்பு. சேர் மட்டும் சிரிக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பெரிய நட்டத்த மொதல்ல அடிச்சா மத்தது லேசு. யாரு?"

செல்லம்மா அக்காவை முன்னுக்குத் தள்ளினோம். ஒரு தட்டு. அக்கா உட்கார்ந்தது.

"மாடு ஒண்ணு சேர். கன்னு போட்டு பதினெட்டு நாளு. லெச்சுமின்னு..."

"பேர் வேண்டாம். பால்?"

"நாலு போத்தல் சேர். காலையில ரெண்டரை, அந்திக்கு ஒண்டரை. மில்க் சொசைட்டிக்கு ஊத்துறது. புள்ள படிக்கிறது அதுலதான்."

அவர் அடித்தார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர், அதைக் குறை சொல்ல மாட்டேன். அடித்ததைத் தமிழில் தனக்குள் முணுமுணுத்தார். "கண்ணெதிரே மண்ணில் புதைந்த பசுவும் பால்மணம் மாறாத கன்றும்" என்று ஏதோ வந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. அந்த ஒரு கடிதத்துக்குப் பத்து நிமிசம் எடுத்தார். நல்ல கடிதம்.

அதற்குப் பிறகு கை ஓட ஆரம்பித்தது. டொக், டொக். இரண்டு தட்டு, ஐடி கார்ட். டொக். பிரிண்ட். ஐந்தாம் காம்பரா மருமகள், பிள்ளைக்கென்று சேர்த்து வைத்த துணி எல்லாம் சேற்றில் போனதை ஆரம்பித்தாள். நான் என் தையல் மெசினைச் சொன்னேன். காது கேட்காத மாமா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டி, கடை அதிரச் சொன்னார்.

"என் காது மெசின் போச்சு சேர். கண்டில போய் வாங்கினது."

"சத்தம் போடாம நிக்கச் சொல்லு," என்றார் அவர். "சொல்லத் தேவையில்ல. எல்லாம் இதுல இருக்கு."

பிரிண்ட்டை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியது நான். கொப்பியும் நான்தான் போட்டேன். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்து வாசிக்க வராது. ஆனால் கண் இருக்கிறது. எல்லாக் கடிதமும் ஒரே இடத்தில் முடிந்தது. கடைசி வரி எல்லாத் தாளிலும் பாதியில் நின்றது, ஒரே பாதியில். இரண்டு தாளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே பேர் இருக்கிற இடம் மட்டும் கலங்கித் தெரிந்தது. மற்றதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிட்டது.

"சேர், ஒரு தரம் வாசிச்சுக் காட்டுவீங்களா?"

"பதினொண்ணையும் வாசிச்சா அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்துக்கு யாரு காசு தாரது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்தாம் காம்பரா மருமகளுக்கு நிற்க முடியவில்லை, கால் வீங்கியிருந்தது. சேருக்குத் தெரியாததா, நீ ஒண்ணு, என்று அவள் மாமியார் சொன்னாள். நான் தாள்களைக் கையெழுத்துக்கு நீட்டினேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மை டப்பாவை அவர் மேசையில் வைக்க விடமாட்டார், வாசல் ஸ்டூலில்தான் இருக்கும். மாமாவின் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, தாளில் அமுக்கி வைத்தவள் நான்.

"பதினோரு லெட்டர், முப்பத்திரண்டு நிமிசம்," என்றார் அவர், சுவர் மணிக்கூட்டைப் பார்த்து. "ஹட்டன்ல, நுவரெலியால எவன் செய்வான்?" மூன்று தட்டு.

இரண்டு கிழமை கழித்து மடுவத்துக்கு ஆட்கள் வந்தார்கள். கந்தோரில் இருந்து விசாரிக்க வந்த உத்தியோகத்தர், ஒரு சிங்கள நோனா, கூட கிராம சேவகர் ஜி.எஸ். ஐயா. நோனா நல்ல மாதிரி, பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டுவந்திருந்தா. தராசு வைக்கிற மேசையில் பதினோரு கடிதத்தையும் பரப்பினா. ஒன்றை வாசித்தா, அடுத்ததை வாசித்தா. மூன்றாவதில் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாவதில் சிரிப்பு நின்றது. சிங்களத்தில் தங்கராசு அண்ணனிடம் மெதுவாக ஏதோ கேட்டா. அவருக்கு முகம் செத்துவிட்டது.

"என்ன கேக்குறாங்க?" என்று பின்னால் நின்ற நான் கேட்டேன்.

"பதினோரு பசு மாடும் பதினோரு கன்னுக்குட்டியும் கட்டுறதுக்கு இந்த மலையில இடம் எங்க இருக்குன்னு கேக்குறாங்க," என்றார் அண்ணன்.

யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டா. உங்களுக்கு மாடு இருந்ததா? ஒன்றாம் காம்பரா, இல்லை. இரண்டு, இல்லை. அப்போ இது உங்கள் கையெழுத்துத்தானே? ஆமாம். காது கேட்காத மாமாவிடம் கேட்டபோது அவருக்கு விளங்கவில்லை. ஜி.எஸ். ஐயா தலையில் இரண்டு கையாலும் கொம்பு வைத்துக் காட்டினார். மாமா சிரித்துக்கொண்டு, சத்தமாக, "இல்லீங்க, நான் ஆட்டுக்குட்டிகூட வளத்ததில்ல," என்றார். நோனா அவருடைய கைநாட்டைத் தொட்டுக் காட்டினா. மாமா தன் பெருவிரலைப் பார்த்தார்.

கடிதம் அடித்தவன் செய்த பிழை இது என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எந்தக் கடை என்பார்கள், அங்கே வேலை செய்கிறவள் யார் என்பார்கள், வேலை போகும், பொலிஸ் என்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது என்று சொல்லுகிறேன். அந்த ஐந்து நிமிசம் மடுவத்தில் நின்ற என்னை நினைத்தால் அதைவிட மோசம்.

கடைசியில் செல்லம்மா அக்காவின் முறை.

"இருந்துச்சுங்க," என்றது அக்கா. "பசு ஒண்ணு, கன்னு ஒண்ணு. நாலு போத்தல் பால்."

நோனா கடிதத்தைப் பார்த்தா. அதே நாலு போத்தல். அக்காவின் முகத்தைப் பார்த்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த ஒரே ஆள் நீதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினா. மற்றப் பத்துக் கடிதத்திலும் பொய் என்று எழுதினதையே அதிலும் எழுதினா. ஜீப் வளைவு திரும்பின பிறகுதான் எனக்கு வாய் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம்.

அடுத்த நாள் காலையில் கடைக்குப் போனேன். கண்ணாடியில் பச்சை.

"சேர், எல்லா லெட்டர்லயும் மாடு வந்திருக்கு."

"எந்த மாடு?"

நடிக்கவில்லை. அவருக்கு நிசமாகவே ஞாபகம் இல்லை. சொன்னேன். காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"அத அழிக்கணும்னா ஒவ்வொண்ணுலயும் தேடிப்போய் அழிக்கணும். நேரம். மாடு ஒண்ணு கூட இருந்தா நல்லதுதானே, கூடக் கிடைக்கும்னு விட்டேன். இப்ப வேணும்னா சொல்லு, எடுத்துத் தாரேன். ரெண்டு செக்கன்."

"அவங்க பொய்யின்னு எழுதிக்கிட்டுப் போய்ட்டாங்க சேர்."

"வாசிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்து வைக்கணும்?"

"வாசிக்கச் சொல்லிக் கேட்டேனே."

"எழுத்துப் பிழை இருந்தா காட்டு. இல்லையே?"

"காசையாவது திருப்பிக் குடுங்க சேர். அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

நகம் டொக் என்றது. திரை கறுப்பு.

"கரண்ட் போச்சு," என்றார்.

நான் மேலே பார்க்கவில்லை. பார்த்தால் அந்தத் தாத்தா மாதிரி திரும்பவும் அவரைப் பார்க்க வேண்டும். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கின என் கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வளைவில் குப்பை போடுகிற இடத்தில் கோப்பையை வீசிவிட்டு, பக்கத்துத் தண்ணீர்ப் பீலியில் கையை முழங்கை வரைக்கும் கழுவினேன். மடுவத்துக்கு வந்தும் கழுவினேன். அந்த டொக் சத்தம் காதில் கேட்கும்போதெல்லாம் இன்னும் கை கழுவத்தான் தோன்றுகிறது.

கந்தோருக்கு நானும் செல்லம்மா அக்காவும் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அழாமல் சொன்னேன். கேட்டார்கள். ஆனால் எங்கள் கடிதங்கள் வைத்த கோவை மேலதிகாரிகளிடம் போய்விட்டது, எங்கள் இடத்துக்கு அடுத்த பட்டியலில் இருந்தவர்கள் வந்துவிட்டார்கள். புதிதாகக் கடிதம் கொடுங்கள், அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள். சிங்களப் பாடசாலை மிஸ் ஒருவர் பதினொன்றையும் கையால் எழுதித் தந்தா. ஒவ்வொருவரையும் முன்னால் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை எழுதினா. எழுதினதை வாசித்துக் காட்டினா. மாமாவின் கடிதத்தில் காது மெசின் இருந்தது. என்னுடையதில் தையல் மெசின். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டா.

அந்த அடுத்த முறை இன்னும் வரவில்லை. மூன்று வருசமாகிறது. ஐந்தாம் காம்பரா மருமகளின் பிள்ளை மடுவத்தில்தான் பிறந்து, மடுவத்தில்தான் நடக்கப் பழகியது. மழை கனத்தால் இப்போது எனக்குத் தொட்டுப் பார்க்கச் சுவரும் இல்லை, தறப்பாள்தான். அவர் கடையை மூடிவிட்டுக் கண்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே பெரிய கடையாம், இரண்டு கொம்பியூட்டராம். இங்கே அந்த இடத்தில் இப்போது கோழி விற்கிறார்கள். முன்னால் போகும்போது இறைச்சி வெட்டுகிற சத்தம் கேட்கும், அது பரவாயில்லை.

கூட்டிக்கொண்டு போனவள் நான். ஆகவே அவர் வாங்கின காசை நான் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினேன். மரக்கறித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறேன், கிடைக்கும்போது ஒவ்வொரு காம்பராவுக்காகக் கொடுத்தேன். தங்கராசு அண்ணன் வாங்கிக்கொண்டு, "இத வச்சு ஒரு மாடு வாங்கப் போறேன்டி, கடுதாசிதான் ஏற்கனவே இருக்கே," என்றார். மாமா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். ஒன்பது குடும்பத்துக்குக் கொடுத்து முடிந்துவிட்டது.

போன மாதம் செல்லம்மா அக்காவிடம் நீட்டினேன். அக்கா தறப்பாளில் தேங்கின தண்ணீரைத் தடியால் தள்ளிக்கொண்டிருந்தது. கையைத் துடைக்கவில்லை, நீட்டவும் இல்லை.

"எனக்கு எதுக்கு? என் லெட்டர் சரியாத்தானே இருந்துச்சு."

"அக்கா, வாங்கிக்கங்க."

"நான் பொய் எழுதல. காச வாங்கினா நானும் பொய் எழுதினேன்னு ஆகும். கொண்டு போ."

திரும்பவும் போன கிழமை கேட்டேன். அதே பதில். நோட்டுகளைப் பழைய பிஸ்கட் டின்னில், பொலித்தீன் சுற்றி, ஏழாம் காம்பரா என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறேன். இருக்கிறது. செல்லம்மா அக்காவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது முந்நூற்றைம்பது ரூபா.